பச்சை விரியன் கடித்த கை

என் வலது கை ஆள்காட்டி விரல் மடங்காது. யாராவது கேட்டால் பாம்பு கடித்தது என்பேன். என்ன பாம்பு என்பார்கள். பச்சையாக இருந்தது, மலைப் பாம்பு வகை இல்லை, மலையில் இருக்கும் விரியன் என்று சொல்லி முடிப்பதற்குள், “பச்சைப்பாம்புக்கு வெஷமே கெடையாதேம்மா” என்று எனக்கே பாடம் எடுப்பார்கள். கடி வாங்கியவள் நான், விளக்கம் சொல்கிறவர் அவர். ஆலங்குடிப் பக்கம் பிறந்தவர்களுக்குப் பாம்பைப் பற்றித் தெரியாதது ஒன்றும் இல்லை என்று ஒரு நினைப்பு. எனக்கும் அந்த நினைப்பு இருந்தது. அதனால்தான் கடி வாங்கினேன்.

எங்கள் ஊர் முந்திரிக்காட்டில் பச்சைப்பாம்பு சாதாரணம். கண்ணைக் கொத்தும் என்று பயப்படுகிற அதே ஆட்கள், அதைத் தலையிலிருந்து வால் வரைக்கும் கையால் உருவிவிட்டால் சமையல் மணக்கும் என்றும் சொல்வார்கள். சின்ன வயதில் என்னுடன் படித்த பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் உருவியிருக்கிறார்கள். நான் கிட்டே போய்த் திரும்பி வந்தவள். கல்யாணமாகி வந்து முதல் தடவை வைத்த குழம்பை என் மாமியார் வாயில் வைத்துவிட்டு, “கை கழுவலாம் போல இருக்கு” என்றார். அன்றைக்கு, முந்திரிக்காட்டிலேயே அந்தப் பாம்பை உருவித் தொலைத்திருக்கலாம் என்று தோன்றியது.

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் டிரைவர். வருஷத்துக்கு ஒரு தடவை வருவார், பெட்டியைத் திறப்பதற்குள் லீவு முடிந்துவிடும். மாமனார் வீட்டில் நான் கடலை உடைத்தேன், ஆட்டுக்குத் தழை போட்டேன், டிவி பார்த்தேன். என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா, போடிமெட்டுக்கு மேலே ஏலக்காட்டில் இருந்தாள். அவள் புருஷனுக்கு ஏலக்காய் உலர்த்துகிற ஸ்டோரில் வேலை. ஒருநாள் போன் போட்டு, “இங்க ஜீப்பு டிரைவர், லோடு ஏத்துறவுங்க எல்லாம் சோத்துக்கு அலையுறாங்கடி. ரெண்டு பேரும் சேந்து மெஸ் போடுவோம், கெளம்பி வா” என்றாள். மாமனார் முகம் கொடுக்கவில்லை. புருஷன் வெளிநாட்டில், மருமகள் மலையில் என்றால் ஊர் என்ன பேசும் என்றார். ஊர் எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டுதான் இருக்கும் மாமா என்றேன். வீட்டுக்காரர், கொஞ்ச நாள் பார்க்கட்டும் என்று சொல்லிவைத்தார். நான் கிளம்பிவிட்டேன்.

அந்த மலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன், அதனால் கொஞ்சமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் வெயில் காலையிலேயே வாசலில் வந்து உட்கார்ந்துவிடும். அங்கே வெயில் வருவதற்கே மதியம் ஆகும். பெரிய பெரிய மரங்களின் நிழலில், ஆளை மறைக்கிற உயரத்தில் ஏலச்செடி. கீழே வேரோடு ஒட்டிக் காய் காய்க்கும், உட்கார்ந்து எடுக்க வேண்டும். எந்நேரமும் ஈரம். துணி காயாது, அட்டை ஏறும், தீப்பெட்டி நமத்துப்போகும். நான் அங்கே போய்ச் சேர்ந்த வாரத்திலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு அடுப்பும் நாலு பெஞ்சும் போட்ட தகரக் கொட்டகை அது. வருகிறவர்கள் என்னை ‘மெஸ் அக்கா’ என்று கூப்பிட்டார்கள். அதற்கு முன்னால் என்னை யாரும் என் வேலையை வைத்துக் கூப்பிட்டதில்லை.

சமையல் அக்காவுடையது. பரிமாறுவது, கணக்கு, காய்கறி, தண்ணீர் என்னுடையது. மேலே இருந்த ஓடையிலிருந்து ரப்பர் குழாய் போட்டுத் தண்ணீர் இழுத்திருந்தோம். அடிக்கடி குழாய் வாயில் இலை அடைத்துக்கொள்ளும். அன்றைக்கும் அடைத்துக்கொண்டது. மதியச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவத் தண்ணீர் வராமல், குழாயைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறினேன். ஓடைக்கரையில் ஒரு ஏலச்செடிப் புதர். அதில் ஒரு தண்டில், அங்கே தட்டை என்பார்கள், சிவப்புத் துணி கட்டியிருந்தது.

எங்கள் பக்கம் மரத்தில் சிவப்புத் துணி கட்டியிருந்தால் அது சாமி மரம். வேண்டுதல் வைத்துக் கட்டுவது. நான் நின்றுவிட்டேன். துணிக்கு ஒரு முழம் மேலே, தட்டையைச் சுற்றிக்கொண்டு, ஒரு பச்சைப்பாம்பு. எங்கள் ஊர்ப் பச்சைப்பாம்பு சாட்டை மாதிரி மெலிசாக இருக்கும், இது கட்டையாக இருந்தது. தலை முக்கோணமாக, உடம்பை விட்டுத் தனியாகத் தெரிந்தது. செதில் ஒவ்வொன்றும் ஓடு வேய்ந்த மாதிரி பெரிசு பெரிசாக. மலைக் காற்றுக்கு வளர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். செடியில் துணி, செடி மேல் பாம்பு, பாம்பு அசையவே இல்லை. சாமி குடியிருக்கிற செடி என்பதற்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

நான் செருப்பைக் கழற்றினேன். கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்பது எனக்கும் சாமிக்கும். பிறகு, இவ்வளவு வருஷமாகப் பயந்து செய்யாமல் விட்டதை இன்றைக்குச் செய்துவிடுவோம் என்று, ஆள்காட்டி விரலால் அதன் முதுகை மெதுவாக வால் பக்கம் உருவினேன். சில்லென்று சொரசொரப்பாக இருந்தது. பாம்பு சும்மா இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இரண்டாம் தடவை உருவக் கை வைத்தேன், கடித்தது.

கத்தவில்லை. குனிந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டேன். அதற்குள் கை எரிய ஆரம்பித்து, அந்த எரிச்சல் மணிக்கட்டுக்கு ஏறியது. கீழே காய் எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். தினமும் எங்கள் மெஸ்ஸில் டீ குடிக்கிறவள். செடியைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள்.

“துணி கட்டி வச்சிருக்குல்லக்கா. அப்பறம் ஏன் கைய விட்டீங்க?”

“துணி கட்டியிருக்குன்னுதாம்மா விட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. ஜீப்பில் போகும்போது அவள்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அது பச்சை விரியன். ஒரு செடியில் உட்கார்ந்தால் நாள் கணக்கில் அங்கேயே உட்கார்ந்திருக்கும், தவளையோ ஓணானோ பக்கத்தில் வருகிற வரைக்கும். முதலில் பார்க்கிறவர்கள் அந்தச் செடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுவார்கள். அந்தச் செடியில் காய் எடுக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பாம்பு போன பிறகு துணியை அவிழ்ப்பார்கள்.

“அடிச்சுப் போட்டா என்ன?” என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“அது ஒக்காந்த எடத்துல ஒக்காந்திருக்குக்கா. நாமதான அங்கிட்டும் இங்கிட்டும் திரியுறோம்” என்றாள். அந்த வலியிலும் அது எனக்கு நியாயமாகப் பட்டது.

கீழே மலையடிவார ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா இருந்தார். கிளம்புவதற்கு முன்னால் ஜீப் டிரைவர் ஓடைக்கரைக்கு ஓடிப்போய்ப் போனில் எடுத்திருந்த பாம்பின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இது குழிவிரியன். இதுக்கு விஷமுறிவு ஊசி கெடையாதுங்க. இருக்கற ஊசி நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், இந்த நாலுக்குத்தான். கைய ஒசத்தி வச்சு, ரத்தப் பரிசோதனை பண்ணிக்கிட்டே இருப்போம். பெரும்பாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது, ஆனா கை பாடாப் படுத்தும்” என்றார். படுத்தியது. முழங்கை வரைக்கும் வீங்கி, தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு, வளையலை வெட்டி எடுத்தார்கள். விரல் கறுத்து, தோல் கழன்று வந்தது. வலி என்றால் அப்படி ஒரு வலி, சொல்லி மாளாது.

படுக்கையில் கிடந்தபடி அந்தப் பாம்பைப் பற்றிப் போனில் கிடைத்ததையெல்லாம் இடது கையால் தடவித் தடவிப் படித்தேன். கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் அதற்கு ஒரு குழி உண்டு. அதை வைத்து, பக்கத்தில் வருகிற உயிரின் உடம்புச் சூட்டைத் தெரிந்துகொள்ளும். நான் பக்தியோடு நீட்டிய விரல் அதற்கு ஒரு சூடு, அவ்வளவுதான். முட்டை போடாது, குட்டி போடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில், மேகம் படுகிற உயரத்தில், சோலைக்காட்டிலும் தேயிலை, ஏலத் தோட்டத்திலும் மட்டும்தான் இருக்கும். உலகத்தில் வேறு எங்கேயும் கிடையாது. ஆலங்குடியில் கொண்டுவந்து விட்டால் ஒரு சித்திரை மாதம் தாங்காது. படிக்கப் படிக்க எனக்கு அதன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. அது அதன் வீட்டில் இருந்தது. நான்தான் கதவைத் தட்டாமல் உள்ளே போனவள்.

என் கோபம் எல்லாம் ஊருக்குத் திரும்பிய பிறகு வந்தது. கொழுந்தன் கார் எடுத்துக்கொண்டு வந்து என்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். “கொஞ்ச நாள் வீட்டுல கெடந்துட்டு வாங்க மதினி” என்றான். வீட்டில் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். புளி ஆகாது, மீன் ஆகாது. மீமிசலிலிருந்து வந்த மீன் பக்கத்து வீட்டில் குழம்பாகிக் கொதிக்கிற வாசனையை முகர்ந்துகொண்டு நான் ரசஞ்சோறு தின்றேன். பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள், ஆளுக்கொரு தீர்ப்பும் கொண்டுவந்தார்கள். ஊசி போடாமல் எப்படிப் பிழைத்தாய், அப்படியென்றால் விஷம் உள்ளேயே தங்கியிருக்கிறது என்றார் ஒருவர். அந்தக் கையால் சோறு பொங்கிப் போட்டால் சாப்பிடுகிறவன் கதி என்ன என்றார் இன்னொருவர். கல்யாணமாகிப் பிள்ளை இல்லாத வீட்டில் பாம்பு என்ற சொல் விழுந்தால் கேட்க வேண்டுமா? நாக தோஷம் என்று ஆளுக்கு ஆள் குசுகுசுத்தார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும். கடித்தது கையில்தான்.

மாமனார் கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டுவிட்டு வந்தார். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற அந்த ஆள், மலை இந்தப் பெண்ணுக்கு ஆகாது, சாமியே பாம்பாக வந்து தடுத்திருக்கிறது என்று சொல்லிவிட்டாராம். போடிமெட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று அந்த ஆளைக் கேட்டால் தெரியாது. அவர் சொல்லிவிட்டார், இவர் கேட்டுக்கொண்டார், என் மெஸ் போயிற்று.

அக்கா போன் செய்தாள். அவள் குரலிலேயே களைப்பு தெரிந்தது. “அடுத்த காய் எடுப்பு தொடங்கிருச்சுடி. ஒத்தையில என்னால முடியல. நீ வருவியா மாட்டியான்னு சொல்லிரு. வரலேன்னா வேற ஆளச் சேத்துக்குறேன். தப்பா நெனைக்காத” என்றாள். அவள் மேல் தப்பே இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்கிறேன் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நானே பேச்சை எடுத்தேன். நடுவீட்டில் மாமனார் நாற்காலியில், கொழுந்தன் சுவரோரமாக, மாமியார் அடுப்பங்கரை வாசல்படியில் கடலை உடைத்துக்கொண்டு. வீட்டுக்காரர் வீடியோ காலில், ஒரு சொம்பில் சாய்த்துவைத்த போனுக்குள் இருந்தார்.

“மாமா, நான் நாளைக்கு மலைக்குக் கெளம்புறேன்” என்றேன்.

“அதான் சாமி சொல்லியாச்சே. இனிமே என்ன பேச்சு” என்றார் மாமனார்.

“சாமி என்கிட்ட ஒண்ணும் சொல்லலையே மாமா. சொல்றதுன்னா எனக்குத்தான சொல்லணும். என் கையிதான வீங்குச்சு.”

“மதினி, அந்தப் பாம்புக்கு ஊசியே இல்லைங்குறாங்க. அப்படிப்பட்ட ஊருல போய் எதுக்கு இருக்கணும்?” என்றான் கொழுந்தன்.

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. “ஊசி எந்தப் பாம்புக்கு இருக்குன்னு தெரியுமா ஒனக்கு? நாலு பாம்புக்கு இருக்கு. நாலும் நம்ம கொல்லையில இருக்கறது. ஆளக் கொல்றது அதுங்கதான், அதனாலதான் அதுங்களுக்கு ஊசி கண்டுபிடிச்சிருக்காங்க. கட்டுவிரியன் கடிச்சு, படுத்த பாயிலயே ஆளப் பறிகொடுத்த வீடு இந்தத் தெருவுலயே இருக்கு. தெருவக் காலி பண்ணச் சொல்லி எந்தக் கோடாங்கியாச்சும் சொன்னானா? மலையில இருக்கறது செடியில ஒக்காந்திருக்கும், நாம போய்த் தொட்டாத்தான் கடிக்கும். இங்க இருக்கறது வீட்டுக்குள்ள வந்து பாயில படுக்குது. எது ஆகாத ஊரு?”

“இது நம்ம மண்ணு. இங்க செத்தாலும் தூக்கிப்போட நாலு பேரு இருக்கோம். அங்க ஒனக்கு என்ன இருக்கு?” என்றார் மாமனார்.

“கடை இருக்கு மாமா. என் கடை.”

போனுக்குள் வீட்டுக்காரர் தொண்டையைச் செருமினார். அப்பாவையும் பகைத்துக்கொள்ளக் கூடாது, என்னையும் பகைத்துக்கொள்ளக் கூடாது. அவர் பாவம்தான், ஆனால் அன்றைக்கு எனக்கு அவர் மேல் இரக்கம் வரவில்லை. “கொஞ்ச நாள் போகட்டுமே” என்றார். கொஞ்ச நாள் போனால் அக்கா வேறு ஆளைச் சேர்த்துக்கொள்வாள் என்று அவருக்கும் தெரியும்.

“அவன் சொல்லிட்டான். முடிஞ்சுச்சு. மலை ஆகாது” என்று மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார்.

கடலை உடைக்கிற சத்தம் நின்றது.

“இந்தாருங்க” என்றார் மாமியார். மாமனாரைத்தான் கூப்பிட்டார். “என்னையக் கடிச்சப்ப எந்தக் கோடாங்கிகிட்டப் போனீங்க?”

மாமனார் திரும்பிப் பார்த்தார். “இப்ப எதுக்கு அது?”

மாமியார் உட்கார்ந்த இடத்திலேயே இடது காலை நீட்டி, சேலையைக் கெண்டைக்கால் வரைக்கும் ஏற்றினார். குதிகாலுக்கு மேலே ஒரு கை அகலத்துக்குச் சதையே இல்லை. கறுத்துக் குழிந்து, தோல் எலும்போடு ஒட்டிக் கிடந்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் இருந்திருக்கிறேன், அவர் சேலை குதிகாலுக்கு மேலே ஏறி நான் பார்த்ததில்லை. கொழுந்தன் முகத்தைப் பார்த்தேன். பெற்ற பிள்ளைக்கே அது புதிதாக இருந்தது.

“கடலை புடுங்கையில கண்ணாடி விரியன் கடிச்சுச்சு. இவன் அப்ப வயித்துல இருந்தான்” என்று போனைக் காட்டினார். “புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரியில கெடந்துட்டு வந்தேன். வீக்கம் வத்தல, புண்ணு ஆறல. களையெடுக்க ஆள் கெடைக்கலன்னு என் கையில களைக்கொட்டைக் குடுத்து அதே கொல்லைக்கு அனுப்பிவச்சீங்க. கால்ல துணியச் சுத்திக்கிட்டுப் போனேன். அன்னைக்கு அந்தச் சாமி எங்க போயிருந்துச்சு? அந்தக் கொல்லை ஆகாதுன்னு அதுக்குச் சொல்லத் தெரியலையா?”

“அது நம்ம கொல்லைடி” என்றார் மாமனார். குரல் இறங்கிவிட்டது.

“ஆமா. உங்க கொல்லை” என்றார் மாமியார். சேலையை இறக்கிவிட்டு, மறுபடியும் கடலை உடைக்க ஆரம்பித்தார்.

மாமனார் எழுந்து வெளியே போய்விட்டார். போனில் வீட்டுக்காரர் குனிந்த தலையை நிமிர்த்தினார். பிறகு, “நீ போ. நாளைக்கே போ. அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்” என்றார். அவர் சொல்லாவிட்டாலும் போயிருப்பேன். அவர் சொன்னதில் எனக்குச் சந்தோஷம், அதை எதற்கு மறைக்க வேண்டும்?

அன்றைக்கே அக்காவுக்குப் போன் போட்டு வருகிறேன் என்றேன். அவள் அழுதாள், பிறகு அரிசி தீர்ந்துவிட்டது என்றாள்.

காலையில் மாமனார் கண்ணில் படவில்லை. கொழுந்தன் பையை பைக்கில் கொண்டுபோய் பஸ் ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிட்டான். மாமியார் நடந்தே வந்தார். புதுக்கோட்டை பஸ் புறப்படுகிற வரைக்கும், அத்தை நீங்க போங்க, வெயில் ஏறுது என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர் காதில் வாங்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கால் வலித்திருக்கும், ஒரு காலில்தான் பாரம் போட்டு நின்றார். இதற்கு முன்னால் நான் அதைக் கவனித்ததே இல்லை.

நன்றி சொல்லலாம் என்று வாயெடுத்தேன். அவர் விடவில்லை. டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்ததும், எட்டி என் மடங்காத விரலைப் பிடித்து ஒரு தடவை அழுத்தினார்.

“திரும்பக் கடிச்சாலும் அங்கனயே கெட” என்றார். “இங்கிட்டு வந்து படுத்துராத. எந்திரிக்க விடமாட்டாங்க.”